காருக்குள் மாட்டிக்கொண்ட காற்று – ஒரு குட்டி வரலாறு

இந்த முறை கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும் கட்டுரை. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் கடைசி வரை வாருங்கள் :-)

கிராமத்தில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு "மோட்டார்ல ஏர் பிடிச்சிருக்கு" என்ற பேச்சு பழக்கமாக இருக்கும். கிணற்றடி பம்புசெட் உறுமிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. உள்ளே காற்று போய் உட்கார்ந்துகொண்டால் பம்பின் விசிறி அந்தக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியே துரத்தினால்தான் மறுபடி இழுக்கும். டீசல் தீர்ந்து நின்ற லாரியிலும் இதே கதை. டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, "ஏர் எடுக்க" வேண்டும்.

காரின் எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரிலும் இந்த வியாதி வரும். ஆனால் நம் தாத்தா காலத்துக் கார்களில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. நேற்று வந்த கார்களில்தான் இதற்குத் தனி வைத்தியம் தேவைப்படுகிறது. தொழில்நுட்பம் வளர வளர ஒரு சாதாரணக் காற்றுக்குமிழி எப்படி பெரிய வில்லன் ஆனது? இதற்கான பதில் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. தண்ணீர் சுற்றும் பாதையில் எது உயரமான இடம்? காற்று எப்போதும் மேலேதான் போகும். அந்த உச்சியில் ஒரு வாசல் இருந்தால் வெளியே போய்விடும். இல்லாவிட்டால் அங்கேயே குடித்தனம் நடத்தும். அவ்வளவுதான் சூத்திரம். இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம்.

புதுச்சேரியில் கார்கள் வருவதற்கு முன் துரைமார்கள் போன வண்டி "புஸ்புஸ்" (பிரெஞ்சில் 'தள்ளு தள்ளு' என்று அர்த்தம்). துரை உட்கார்ந்து முன்னால் உள்ள கைப்பிடியைத் திருப்புவார், பின்னால் இருந்து நம் ஆட்கள் தள்ளுவார்கள். இதில் ரேடியேட்டர் கிடையாது. வியர்வை சிந்தியது தள்ளியவர்தான்!

எஞ்சின் என்று வந்ததும் வெப்பம் ஒரு தொல்லையாக வந்தது. எரிபொருள் எரிந்து கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை, சூடாகவே வீணாகிறது. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்விடும், நாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் போனார். அந்த வண்டியில் காற்று மாட்டிக்கொள்ள வழியே இல்லை. எல்லாம் திறந்த பாத்திரம்தான்.

அடுத்து வந்தவர் வில்ஹெல்ம் மைபாக். 1901இல் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் எல்லோரையும் வாயடைக்கச் செய்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்குத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070! இதனால் 9 லிட்டர் தண்ணீரே போதும் என்று ஆனது. முன்பு தேவைப்பட்டதில் அது பாதி. இன்று நாம் பார்க்கும் ரேடியேட்டருக்கு இதுதான் பாட்டன்.

இனி பிரெஞ்சுக்காரர்கள். லூயி ரெனோவின் ஆரம்பகாலக் கார்களில் ரேடியேட்டர் முன்னால் இருக்காது. எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுநரின் காலுக்கு முன்னால், எஞ்சினைவிட உயரமாக நிற்கும். தண்ணீர் பம்பும் கிடையாது. சுடுதண்ணீர் எடை குறைவு, தானாக மேலே ஏறும். ரேடியேட்டரில் ஆறியதும் கனமாகிக் கீழே இறங்கும். தெர்மோசைஃபன் என்று இதற்குப் பெயர். 1914 செப்டம்பரில் பாரிஸிலிருந்து மார்ன் போர்முனைக்கு வீரர்களை ஏற்றிக்கொண்டு போன சுமார் 600 டாக்ஸிகளில் பெரும்பாலானவை இந்த மாதிரி ரெனோ வண்டிகள்தான்.

தெர்மோசைஃபன் புரியவில்லை என்றால் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். புதுச்சேரியிலும் ஆரோவில் பக்கத்திலும் நிறைய வீடுகளில் இருக்கும் சூரிய வெந்நீர்த் தொட்டி அதே தத்துவம்தான். கீழே சாய்ந்த குழாய்கள், மேலே தொட்டி. பம்பு இல்லாமல் தண்ணீர் சுற்றும். தொட்டியின் தலையில் ஒரு குழாய் கொம்பு மாதிரி வானத்தைப் பார்த்து நிற்குமே, அது காற்று வெளியே போகத்தான். அதை யாராவது அடைத்தால் காற்று சிக்கி, வெந்நீர் வருவது நின்றுவிடும்.

இந்தத் தள்ளுவிசை எவ்வளவு அற்பமானது தெரியுமா? 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் தண்ணீர் சுமார் 998 கிலோ. 80 டிகிரியில் சுமார் 972 கிலோ. நூற்றுக்கு மூன்று பங்கு வித்தியாசம்கூட இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினால் போதும், சுழற்சி நின்றுவிடும். அதனால் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் மூடியைத் திறந்து மட்டம் பார்ப்பதைக் காலையில் பல் விளக்குவது மாதிரி வைத்திருந்தார்கள். ஃபோர்டின் மாடல் டி (1908) காரும், முதலில் வந்த சுமார் 2,500 வண்டிகளைத் தவிர, பம்பு இல்லாமல் இப்படித்தான் ஓடியது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள்!

கவனியுங்கள், இவை எல்லாவற்றிலும் உயரமான இடம் ரேடியேட்டரின் வாய். அதுதான் தண்ணீர் ஊற்றும் இடமும். காற்று எங்கே சேருமோ அங்கேயே கதவு. ஊற்றும்போதே காற்று குபுகுபுவென்று வெளியே வந்துவிடும். 'காற்று எடுப்பது' என்று ஒரு தனி வேலையே தேவைப்படவில்லை.

அம்பாசிடர் வரைக்கும் நாம் இந்த உலகத்தில்தான் வாழ்ந்தோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாக வைத்து 1957 முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி அது. பம்பு உண்டு, தெர்மோஸ்டாட் உண்டு, ஆனாலும் ரேடியேட்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உயரமாக முன்னால் நின்றது. மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விடு, குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்று, மூடு. முடிந்தது வைத்தியம். ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் முழுவதும் இதைக் கற்று, அடுத்தவருக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

(தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் போகாமல் மூடி வைக்கும் ஒரு சின்னக் கதவு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று நிறைய மெக்கானிக்குகள் இதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தவறான பழக்கம்தான். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும். ஆனால் ஒரு விஷயம், மூடிய கதவின் பின்னால் காற்று சிக்கும் என்பது உண்மை. அதனால்தான் நல்ல தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு குட்டி ஓட்டையும் அதில் ஆடும் ஒரு ஊசியும் இருக்கும், காற்று கசிந்து போவதற்காக. மாட்டும்போது அந்த ஓட்டை மேல் பக்கம் இருக்க வேண்டும்.)

சரி, பிறகு என்ன மாறியது? மூன்று மாற்றங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன.

ஒன்று மூடி. இதற்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு மூளை இருக்கிறது. 1679இல் தெனி பாப்பின் லண்டனில் ஒரு இறுக்கமான பாத்திரத்தைக் காட்டினார். ஆவியை உள்ளேயே அடைத்தால் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் சூடேறும், எலும்புகூட வெந்துவிடும் என்று நிரூபித்தார். நம் வீட்டு பிரஷர் குக்கரின் ஆதி அது. (பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தொடங்கியது 1674. கிட்டத்தட்ட ஒரே காலம்!) இருபதாம் நூற்றாண்டில் இதே யோசனை ரேடியேட்டர் மூடிக்கு வந்தது. ஸ்பிரிங் வைத்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஆனால் விலையும் உண்டு. சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால், விசில் அடங்காத குக்கரைத் திறந்த கதைதான். முகத்தில், கையில் வெந்நீர் பட்டு வெந்தவர்கள் எத்தனையோ பேர். 'திறந்து வைத்துப் பார்' என்ற பழைய பாடம் இங்கே முதல் அடி வாங்கியது.

இரண்டு, ஹீட்டர். இது எனக்கு மிகவும் வேடிக்கையாகப் படும் விஷயம். ஐரோப்பாவில் குளிருக்கு, டாஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டரை வைத்து எஞ்சினின் சுடுதண்ணீரை அதற்குள் ஓட விட்டார்கள். அதன் குழாய்கள் எஞ்சினைவிட உயரமாகப் போகும். புதுச்சேரியில் ஹீட்டரை யார் போடுவார்கள்? மே மாதம் கடற்கரைச் சாலையில் மத்தியானம் நடந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள். ஆனாலும் இன்றைக்கு நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. நாம் ஒருநாளும் தொடாத அந்தப் பொருள்தான் காற்றுக்கு ரொம்பப் பிடித்த வீடு.

மூன்றாவதுதான் முக்கியமானது. கார்களின் மூக்கு தாழ்ந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பெட்ரோல் மிச்சம் பிடிக்க, அழகாகத் தெரிய என்று பானட்டைத் தாழ்த்திக்கொண்டே வந்தார்கள். ரேடியேட்டரும் குள்ளமானது. இப்போது எஞ்சினின் தலையோ ஹீட்டர் குழாயோதான் உச்சி. தண்ணீர் ஊற்றும் வாய் கீழே, காற்று சேரும் இடம் மேலே! கதவு ஒரு பக்கம், திருடன் வேறு பக்கம்.

இதற்கு வெளிப்படையாக ஒரு தீர்வு வைத்ததில் பிரெஞ்சுக் கார்களுக்குத் தனி இடம் உண்டு. 1961இல் வந்த ரெனோ 4, அடைத்து மூடிய குளிர்விப்பு அமைப்போடு வந்தது. தனியாக ஒரு விரிவுத் தொட்டி இருக்கும். சூட்டில் தண்ணீர் விரிந்தால் அங்கே போகும், ஆறினால் திரும்பி வரும். இனிமேல் நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்பதுதான் பேச்சே. 80 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் அது. ஆனால் அடைத்த அமைப்பில் காற்று எப்படி வெளியே போகும்? அதற்காக உயரமான இடங்களில் சின்னத் திருகுகள் வைத்தார்கள். 'பிளீட் ஸ்க்ரூ' என்பார்கள். அதைத் தளர்த்தினால் புஸ்ஸென்று காற்று, பிறகு துப்பித் துப்பி நுரைத் தண்ணீர், பிறகு கம்பி மாதிரி குமிழி இல்லாத தண்ணீர். அப்போது மூட வேண்டும். ரெனோ, பியூஜோ, சித்ரோன் மூன்றிலும் இந்தத் திருகுகளைப் பல மாடல்களில் பார்க்கலாம். பியூஜோ, சித்ரோன் பட்டறைகளில் இன்னும் ஒரு படி மேலே போய், ஊற்றும் வாயில் ஒரு உயரமான உருளையை மாட்டி அதில் தண்ணீரை நிரப்புவார்கள். உச்சி இப்போது அந்த உருளைதான். நம் மெக்கானிக்குகள் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து மாட்டுவதும் அச்சு அசல் அதே தந்திரம்தான். செலவு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. :-)

சித்ரோன் 2சிவி (1948) மட்டும் இந்த ஆட்டத்துக்கே வரவில்லை. அதன் எஞ்சினைக் குளிர்வித்ததே காற்றுதான். தண்ணீரே இல்லை என்றால் குமிழி ஏது?

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து இந்தியா கைக்கு வந்தது. அதன் பிறகு இங்கே ஓடியது அம்பாசிடர், ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று எல்லாம் இங்கிலாந்து, இத்தாலி வம்சம். பிரெஞ்சுக் கார் இந்தியாவில் தயாரானது 1994இல் கல்யாணில் பிரீமியர் நிறுவனத்தோடு சேர்ந்து வந்த பியூஜோ 309. சில வருடங்களிலேயே படுத்துவிட்டது. ஆனால் பியூஜோவின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் மாருதி ஜென், எஸ்டீம் டீசல் வண்டிகளின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு சத்தமில்லாமல் ஊரெல்லாம் சுற்றியது. 2012இல் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர் வந்தது. 2022இல் வந்த சித்ரோன் சி3 தயாராவது திருவள்ளூரில், முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் வைத்திருந்த அதே தொழிற்சாலையில்! 2017இல் அம்பாசிடர் என்ற பெயரையே பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது கூடுதல் வேடிக்கை.

இப்போது இந்த வரலாற்றின் கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். என் மாமா ஒருவர் புதுச்சேரியில் இருபது வருடத்துக்கு மேல் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். பிறகு கைமாறிய ஒரு புது ரகக் கார் வாங்கினார் (பெயர் வேண்டாம்). கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. சாலையோர மெக்கானிக் புது ஹோஸ் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி அனுப்பினார். மாமாவும் மட்டம் பார்த்தார், நிரம்பி வழிந்தது. வெப்பமானி முள்ளும் கீழேயே படுத்திருந்தது. சந்தோஷமாகக் கிளம்பினார். கல்பாக்கம் போய்ச் சேருவதற்குள் வெள்ளைப் புகை, வண்டி நின்றது. ஹெட் கேஸ்கட் போய், அலுமினியத் தலை வளைந்து, லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டு... அத்தையின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

முள் ஏன் ஏறவில்லை? அங்கேதான் இந்தக் குமிழியின் நயவஞ்சகம். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் அதற்கு வெப்பம் சரியாகப் போய்ச் சேராது. தலைக்குள் உலோகம் கொதிக்கிறது, ஆனால் முள் 'எல்லாம் நலம்' என்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் வெப்பம் வேகமாக எடுபடும், குமிழி இருக்கும் இடத்தில் எடுபடாது. ஒரே தலையில் ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் தீ. அலுமினியம் வளையாமல் என்ன செய்யும்? பம்புக்குள் குமிழி போனாலோ பம்புசெட் கதைதான், சுற்றும் ஆனால் தள்ளாது. மாமா அம்பாசிடரில் கற்ற பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் செய்தார். வண்டிதான் வேறு வரலாற்றிலிருந்து வந்தது.

இன்றைக்கு விவரம் தெரிந்த மெக்கானிக் எப்படிச் செய்கிறார் என்று பார்த்ததைச் சொல்கிறேன். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இதில் சமரசமே இல்லை. காரின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துவார். புதுச்சேரி தட்டையான ஊர், மேடு என்றால் கோரிமேடுதான், அதனால் ஜாக்கி போட்டுத் தூக்கிவிடுவார். கூலண்டும் சுத்தமான தண்ணீரும் கலந்து மெதுவாக, மிக மெதுவாக ஊற்றுவார். (உப்புத் தண்ணீர் ஆகாது. உள்ளே படியும் உப்பு, துருவெல்லாம் இன்னொரு கட்டுரைக்கு. ஆயி மண்டபத்தைப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகள் யோசிப்பதில்லை, அது நகரத்துக்கு முத்திரப்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் வந்ததற்குக் கட்டிய நினைவுச் சின்னம். கடலோர ஊரில் நல்ல தண்ணீரின் மதிப்பு அப்படி!) பிளீட் திருகு இருந்தால் திறந்து, கம்பித் தண்ணீர் வந்ததும் மூடுவார். பிறகு எஞ்சினை ஓட விட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைப்பார். ஆமாம், மே மாதத்தில்! ஹீட்டர் குழாய்க்குள் போகும் வழியை அடைக்கும் வால்வு சில வண்டிகளில் உண்டு, அது திறந்தால்தான் அங்கே ஒளிந்திருக்கும் காற்று வெளியே வரும். அதோடு ஹீட்டரே ஒரு சாட்சியும்கூட. எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் குமிழி இருக்கிறது என்று அர்த்தம். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுவார். ரேடியேட்டர் விசிறி தானாக இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பொறுப்பார். மறுநாள் காலை ஆறியபின் மட்டம் பார்ப்பார், அநேகமாகக் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றுவார்.

இவ்வளவு செய்தும் தினமும் குமிழி வந்துகொண்டே இருந்தால் அது வெளியிலிருந்து வந்த காற்று இல்லை. ஹெட் கேஸ்கட் ஏற்கெனவே விட்டுப்போய், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அப்போது காற்று எடுத்து எடுத்துப் பயனில்லை, தலையைத் திறக்கத்தான் வேண்டும்.

பெரிய பட்டறைகளில் இப்போது வேறு வழியும் உண்டு. கம்ப்ரஸர் காற்றை வைத்து உள்ளே வெற்றிடம் உண்டாக்கிவிடுகிறார்கள். ஹோஸ்கள் எல்லாம் ஒட்டிப்போய் சப்பையாகும். பிறகு வால்வைத் திருப்பினால் கூலண்ட் தானாக உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். காற்றே இல்லாத இடத்தில் காற்று எப்படி மாட்டும்? ஜூஸ் குடிப்பது மாதிரி வேலை முடிந்துவிடும்.

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்காரின் பேட்டரியையும் திரவம்தான் குளிர்விக்கிறது. இந்த மாதிரி வண்டிகளில் பம்பு ஓடுவது மின்சாரத்தில், உறும ஒரு எஞ்சின் இல்லை. அதனால் பல மாடல்களில் காற்று எடுக்க ஸ்கேனர் கருவியைச் செருகி, பம்பை ஓடச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டியிருக்கிறது. பாட்டில் வெட்டி மாட்டுகிற நம் தெருமுனை மெக்கானிக் அந்தக் கருவிக்கு எங்கே போவார்? ஆனால் குமிழி மட்டும் இன்னும் மேலேதான் ஏறும், அதற்கு பெட்ரோலும் ஒன்றுதான் மின்சாரமும் ஒன்றுதான்.